கொள்ளிடத்தில் ஹவாய்க் கடற்கரை

அந்த வீடியோவில் முகம் வராது. இரண்டு கைகள் மட்டும் வரும். வெள்ளை மணலில் கடுகு கடுகாகக் கிடக்கும் சிப்பிகளை அந்தக் கைகள் பொறுக்கும், நூலில் கோக்கும், கடைசியில் மாலையாகத் தூக்கிக் காட்டும். பின்னால் அலைச் சத்தம் கேட்கும். கீழே ஆங்கிலத்தில், ஹவாய்த் தீவுப் பெண்ணின் கைவண்ணம் என்று எழுத்து ஓடும். பார்த்தவர்கள் கும்பிடு போட்டிருக்கிறார்கள், இதயம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கைகளை வணங்குகிறேன் என்று ஒரு புண்ணியவதி எழுதியிருக்கிறாள்.

வலது ஆள்காட்டி விரலின் நுனியைக் கவனித்துப் பார்த்தால் ஒரு வெட்டுத் தழும்பு தெரியும். கல் பட்டை தீட்டும் சக்கரத்தில் பட்ட காயம் அது. ஹவாயில் பட்டதல்ல, ஸ்ரீரங்கத்தில் பட்டது. அந்த மணல் கொள்ளிடத்து மணல். அலைச் சத்தம் எங்கிருந்து வந்ததோ, அந்தக் கொள்ளிடத்துக்கே தெரியாது. வருஷம் பல ஆகியும் அந்த வீடியோ கண்ணில் பட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். திருச்சி புத்தூரில் ஒரு சந்துக்குள், மருந்துக்கடை மாடியில் இருந்தது எங்கள் பட்டறை. பாசி, மணி, செயற்கைக் கல் இவற்றைக் கோத்து மாலையும் கம்மலுமாக வெளியூருக்கு அனுப்புகிற இடம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். நான் வையம்பட்டியிலிருந்து வந்து பக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, பி.ஏ. இங்கிலீஷை வைத்துக்கொண்டு அங்கே ஆபீஸ் வேலை பார்த்தேன். அக்கா ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி வருவார். நாற்பதைத் தாண்டிய வயது. அதற்கு முன்னால் பல வருஷம் வீட்டிலேயே சக்கரம் போட்டுச் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். கோக்கிற வேலையில் பட்டறையிலேயே அவர்தான் முதல் கை.

எதைப் பார்த்தாலும் யார் செய்தது என்று கேட்பார். அதுதான் அவர். பேச்சுக்குக் கேட்பதாக நினைத்துச் சிரித்து மழுப்பினால் விடமாட்டார். பதில் வரும்வரை நிற்பார். புத்தூரில் புதிதாக ஒரு பஸ் நிழற்குடை கட்டித் திறந்திருந்தார்கள். சுவரில் பதித்த கல்லில் எட்டுப் பெயர், பதவியோடு. அக்கா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துவிட்டு, "இத்தனை பேரும் சேந்து கலவை குழைச்சாங்களா? கொத்தனாரு பேரைக் காணோமே" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவரிடமே திரும்பி, "உங்களுக்குத் தெரியுமாங்க யாரு கட்டினதுன்னு?" என்று கேட்டார். பஸ் வந்ததால் அந்த மனிதர் தப்பித்தார்.

இந்தக் குணத்தால் சங்கடமும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார். பந்தியில் அக்காரவடிசல் போட்டார்கள். நெய் கையை விட்டுப் போக மறுத்தது. எல்லாரும் சமையல் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பாராட்ட, கழுத்தில் பட்டையான சங்கிலி போட்ட அவர், ஏதோ தானே தலைகீழாய் நின்று கிண்டியவர் மாதிரி கைகூப்பிக்கொண்டு நின்றார். அக்கா எச்சில் கையோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது கூட ஒரு ஆள், ஒல்லியாக, ஈர பனியனோடு. "இவர்தாங்க கிண்டினது. விடியக்காலம் மூணு மணியிலருந்து அடுப்படியில நிக்கிறாரு. சொல்றதை இவர்கிட்ட சொல்லுங்க" என்றார் பந்திக்குப் பொதுவாக. அந்த ஆள் வெட்கத்தில் செத்துப்போனார். கான்ட்ராக்டர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே இலையைவிட்டு எழுந்து ஓடலாம் போல இருந்தது. "ஏன்க்கா இப்படி மானத்தை வாங்குறீங்க?" என்றேன் வெளியே வந்ததும். "யாரு மானத்தைம்மா? அவர் மானம் இப்பதான் வந்துச்சு" என்றார்.

அதே கல்யாணத்தில் இன்னொன்றும் நடந்தது. பெண் வீட்டு அம்மாள் ஒருவர், தோட்டைத் தொட்டுத் தொட்டு, மாமியார் வழி வைரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கிட்டே போய்ப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் நாலு பேருக்குக் கேட்டுவிட்டது. "வைரம் இல்லீங்க. ஆனா நல்ல பட்டை. இந்த மேல்பட்டையை இப்படிச் சாய்க்கிறது நான்தான். நான் தீட்டின கல்லுதாங்க இது." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த அம்மாள் அழாத குறை. அன்றைக்கு எனக்கு அக்கா மேலேயே கோபம் வந்தது. கேட்டேன். "நான் என்ன கெடுத்தேன்? பொய்க்கல்லை நாம பொய்க்கல்லுன்னு சொல்லித்தானே விக்கிறோம். அதுல கூச்சம் என்ன இருக்கு? அதை வைரம்னு சொன்னா வைரத்துக்கும் கேவலம், என் வேலைக்கும் கேவலம்" என்றார். அந்த அம்மாள் பட்ட அவமானம் அவருக்கு உறைக்கவே இல்லை. அப்படியும் இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த மாலை வந்து சேர்ந்தது.

சென்னையில் ஒரு கம்பெனி. இணையத்தில் நகை விற்பவர்கள். சாம்பிளுக்கு ஒரு ஹவாய்ச் சிப்பி மாலையை அனுப்பி, இதே மாதிரி நிறையச் செய்து தரவேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் கேட்டிருந்தார்கள். சின்னப் பெட்டியில் பஞ்சு வைத்து வந்தது. திறந்ததும் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றோம். ஒவ்வொரு சிப்பியும் குருணை அரிசி அளவு. சில தந்த நிறம், சில இளஞ்சிவப்பு, நடுவில் கருஞ்சிவப்பில் ஒரு வரிசை. நிறம் எங்கே மாறுகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது. நூல் தெரியவே தெரியாது. இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒரு குட்டிச் சோழி.

"பிரிச்சுப் பாரும்மா, முடிச்சு எப்படிப் போட்டிருக்கான்னு தெரியணும்" என்றார் முதலாளி.

"பிரிக்காமலே பாத்துக்கறேன் சார். ரெண்டு நாள் குடுங்க" என்றார் அக்கா.

நாலு நாள் எடுத்துக்கொண்டார். கல் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மாலையைத் துணியில் கிடத்தி, ஒரு சிப்பி ஒரு சிப்பியாக நகர்ந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "இதைக் கோத்தவங்க இடது கைக்காரங்க. முடிச்சு எல்லாம் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கு பாரு." அப்புறம் நடுவில் ஒரு இடத்தைக் காட்டினார். "இந்த இடத்துல நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருக்காங்க. திரும்ப வந்து ஆரம்பிச்சப்ப இழுப்பு கொஞ்சம் மாறியிருக்கு. யாரோ கூப்பிட்டிருப்பாங்க. உலை கொதிச்சதோ என்னமோ." எனக்கு லென்ஸில் சிப்பிதான் தெரிந்தது. அவருக்கு ஆள் தெரிந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. "யாரும்மா அவங்க?"

பெட்டியில் பெயர் எதுவும் இல்லை. விடுவாரா? மத்தியானம் சாப்பிடும்போது என்னைப் போனில் தேடிப் படித்துச் சொல்லச் சொன்னார். அப்படித்தான் ஹவாய் எங்கள் டிபன் பாக்ஸுக்குள் வந்தது. அங்கே நீஹாவ் என்று ஒரு குட்டித் தீவு. அந்தக் கரையில் ஒதுங்கும் சிப்பியில்தான் இந்த மாலை. குளிர்காலத்தில் கடல் பொங்கி அடங்கியதும் குடும்பமாகப் போய், மணலில் மண்டியிட்டும் குப்புறப் படுத்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்களாம். நாளெல்லாம் பொறுக்கினால் ஒரு சின்னப் புட்டி நிறையாதாம். பிறகு நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்து, கூரான ஊசியால் கையாலேயே துளை போடுவார்களாம். போடும்போது பாதிக்குப் பாதி உடைந்துபோகுமாம். ஒரு மாலை முடிய மாசக்கணக்கில் ஆகும், சிலதுக்கு வருஷமும் ஆகும். ஒரு வகைச் சிப்பிக்கு அவர்கள் பாஷையில் அரிசி என்றே பெயர். அதைக் கேட்டு அக்காவுக்குத் தாங்கவில்லை. "நாமளும் அரிசின்னுதானே சொன்னோம்!" என்று பக்கத்தில் இருந்தவரை அடித்துச் சிரித்தார்.

இன்னும் படித்தேன். மாலையை அங்கே லேய் என்பார்கள். ஒருவர் லேய் போட வந்தால் மறுக்கக்கூடாது, போட்டவர் கண்முன்னால் கழற்றக்கூடாது. மகளுக்கு, மருமகளுக்கு என்று வீட்டில் கைமாறி வரும். கர்ப்பிணிக்கு முனை சேர்த்துக் கட்டிய மாலை போடமாட்டார்கள், குழந்தை கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும் என்று பயம். அவர்களுக்கு முனை சேராமல் தொங்கவிட்ட மாலைதான். நல்ல இடத்தில் வாங்கினால் கோத்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் உண்டாம். "பாத்தியா, அங்க பேரு எழுதறாங்க!" என்றார் அக்கா. "நம்மகிட்ட வர்றதுக்குள்ள எந்தப் பாவி அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டான்?" அன்று மத்தியானம் முழுக்க அந்த முகம் தெரியாத பாவியைத் திட்டிக்கொண்டே கோத்தார்.

எங்கள் மாலைக்கு, மண்டபம் ஊர்க் கடற்கரையிலிருந்து சிப்பி மூட்டையில் வந்தது. துளை போட மிஷின். அக்கா மற்றவர்களுக்கு முறையைக் காட்டி, நிறம் பிரிக்கவைத்து, கோத்துக் காட்டினார். முதல் மாலை முடிந்தபோது பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் ஆசையாக எடுத்துக் கழுத்தில் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஏழாம் மாசம். அக்கா பாய்ந்து போய்க் கழற்றினார். அவள் முகம் சுருங்கிவிட்டது. அக்கா கத்திரிக்கோலை எடுத்து, சோழிக்குப் பக்கத்தில் நூலை வெட்டி, இரண்டு முனையையும் தனித்தனியாக முடிந்து, திரும்பப் போட்டுவிட்டார். "இப்பப் போட்டுப் பாரு, ராசாத்தி."

"ஏன்க்கா, இது நாம செஞ்ச டூப்பு மாலைதானே? இதுக்கு எதுக்கு அவங்க சாஸ்திரம்?" என்றேன் நான்.

"மாலை டூப்பு. கழுத்து டூப்பா?" என்றார்.

முடிந்த மாலையை வெட்டியதற்கு முதலாளியிடம் பேச்சு வாங்கினார். ஆனால் அந்த மாலையைத் திரும்பச் சேர்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் முதலாளி சிரித்த முகத்தோடு வந்தார். "ஏம்மா, சென்னையிலருந்து ஆளு வர்றாங்க. நீ கோக்கறதை வீடியோ எடுக்கப் போறாங்க. நல்லதா ஒரு பொடவை கட்டிட்டு வா" என்றார். அக்கா நம்பினார். ஏன் நம்பமாட்டார்? செய்தவரைக் காட்டு, செய்தவரைக் காட்டு என்று ஆயுசெல்லாம் சொன்னவரிடம், உன்னைக் காட்டப்போகிறோம் என்றால் சந்தோஷமாக இருக்காதா? மறுநாள் மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல். என்னைப் பார்த்ததும், "பவுடர் ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அக்காவையும் என்னையும் வேனில் ஏற்றிக் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப்போனார்கள், முதலாளியும் வந்தார். பட்டறையில் எடுக்காமல் ஆற்றுக்கு எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. கேமராக்காரர் மணலில் இடம் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பாலம் தெரியக்கூடாது. துவைக்கிறவர்கள் தெரியக்கூடாது. நாணல் தெரியக்கூடாது. ஒரு பாய் அளவு மணலைச் சுத்தம் செய்து, மூட்டைச் சிப்பியை அதில் தூவினார்கள். கூட வந்த சென்னைப் பெண் அக்காவைப் பார்த்துவிட்டு, "ஐயோ ஆன்ட்டி, வளையல் வேணாம், கழட்டிடுங்க. மெட்டி காலை உள்ள இழுத்துக்கங்க. முகம் வராது, கை மட்டும்தான்" என்றாள். மடியில் பட்டுப்புடவையை மூடி, பெரிய பெரிய செம்பருத்திப் பூப் போட்ட ஒரு துணியைச் சுற்றினாள்.

"முகம் வராதா?" என்று கேட்டார் அக்கா. சென்னைப் பெண் துணியின் மடிப்பைச் சரிசெய்தாள்.

உட்கார்ந்தார். பொறுக்கச் சொன்னார்கள், பொறுக்கினார். கோக்கச் சொன்னார்கள், கோத்தார். வேலை என்று வந்துவிட்டால் அந்தக் கைகளுக்குக் கோபம் தெரியாது. அழகாகத்தான் கோத்தன. கடைசியில் மாலையை மணலில் வைத்து, பக்கத்தில் ஒரு அட்டையைச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் போகப்போகிற அட்டை. அக்கா என்னைப் பார்த்தார். "என்னம்மா எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு."

சொன்னேன். "நீஹாவ் தீவின் கரையில், குளிர்காலத்துக் கடல் அடங்கிய விடியலில், எங்கள் தாய்மார் மணலில் மண்டியிட்டு ஒவ்வொரு சிப்பியாகப் பொறுக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் விரல்கள் அறிந்த கோப்பு இது. இதை அணியும்போது எங்கள் தீவையே அணிகிறீர்கள்."

அக்கா மணலிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து என்னிடம் காட்டினார். பிறகு கேட்டார்.

"நம்ம சிப்பி மண்டபத்துலருந்து மூட்டையில வந்தது."

"ஆமாக்கா."

"தொளை மிஷின் போட்டது."

"ஆமா."

"கோத்தது நானும் நம்ம புள்ளைங்களும்."

"ஆமாக்கா."

"அப்ப இதுல அவங்களும் இல்ல, நாமளும் இல்ல. அந்த இடது கைக்காரங்க படுத்துப் பொறுக்கின பாட்டை எடுத்து என் கையில மாட்டி, என் கையை எடுத்து அவங்க மேல ஒட்டி... என்னம்மா இது? யாரு எழுதினா இதை?"

"மேலருந்து வந்ததுக்கா" என்றேன்.

எழுந்தார். செம்பருத்தித் துணியை உதறிப் போட்டார். நேராக முதலாளியிடம் போனார். அவர் குடைக்குக் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த அட்டையை மாத்துங்க. ஹவாய் மாலையைப் பாத்துத் திருச்சியில செஞ்சதுன்னு போடுங்க. கோத்தவங்க பேரைப் போடுங்க. எத்தனை வேணாலும் கோத்துத் தரேன்."

சென்னைப் பெண் சிரித்தாள். "திருச்சின்னு போட்டா யாரு ஆன்ட்டி வாங்குவாங்க?"

"ஏம்மா, எல்லாரும் பண்றதுதானே?" என்றார் முதலாளி. "வாங்கறவங்க ஆசையா வாங்கிப் போட்டுக்கிறாங்க. உனக்கு என்ன நஷ்டம்? உன் முகம்கூட வரல."

"அதுதான் சார் நஷ்டம்."

"இப்ப என்ன, ஹவாய்க்காரி வந்து நம்மளைக் கேக்கப்போறாளா?"

"அவங்க வர முடியாது சார். அதனாலதான் நான் கேக்கறேன்."

முதலாளி இளநீரைக் கீழே வைத்தார். இப்படியே பேசிக்கொண்டிருந்தால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார். அக்கா கேமராவுக்கு முன்னால் போய் நின்றார். சத்தமாக, ஸ்கூல் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி, தன் பெயரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். "இது கொள்ளிடம். இந்த மாலையைக் கோத்தது நான். இதை முதல்ல கோத்தவங்க ஹவாயில இருக்காங்க, இடது கைக்காரங்க, பேரு தெரியல" என்றார். கேமராக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், "எடுத்து முடிச்சாச்சு மேடம். அதோட சவுண்டும் ஆன் பண்ணல. மேல அலைச் சத்தம் போட்டுக்குவோம்."

அக்கா வளையல்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு அந்த மணலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் தனியாக நடந்து போனார். வேனில் இடம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவர் பட்டறைக்கு மறுபடி வரவில்லை. அந்த வாரமே சாம்பிள் மாலையை வெட்டினார்கள். அக்கா இல்லாமல் மற்றவர்களுக்கு முடிச்சு சரியாக வரவில்லையாம். நாலு நாள் லென்ஸ் வைத்து, வெட்டாமலே அவர் பார்த்த மாலை. இரண்டு கத்திரிப்பில் மேஜையெல்லாம் குருணையாகச் சிதறியது. கூட்டிப் பெருக்கி மண்டபத்துச் சிப்பியோடு கலந்துவிட்டார்கள். எங்கோ ஒரு தீவில், யாரோ ஒரு பெண், எத்தனை விடியல் குனிந்து பொறுக்கியதோ அது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறமும் ஒரு வருஷம் அங்கே வேலை பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும், கேட்காமல் பெயரைப் போடக்கூடாது என்று போன மாசம் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அக்கா வீட்டில் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பப் பட்டை தீட்டுகிறார். தலை நரைத்திருக்கிறது, விரல் நடுங்கவில்லை. காபி கொடுத்துவிட்டு, "படி" என்றார். பந்தி, வைரத்தோடு, அரிசிச் சிப்பி, கொள்ளிடம் எல்லாவற்றையும் படித்தேன். வைரத்தோட்டுக்கு மட்டும், "அந்தம்மாவை அப்படிப் பேசியிருக்க வேணாம்தான்" என்றார். மற்றதற்கெல்லாம் தலையாட்டினார்.

"உங்க பேரைப் போடட்டுமாக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு. அந்த அட்டையை எழுதினது யாருன்னு மட்டும் இதுல வரலியே?"

"அது மேலருந்து..."

"ஏம்மா, அன்னிக்கு நீ அட்டையைப் பாத்தா சொன்னே? என் மூஞ்சியைப் பாத்துட்டே ஒரு வார்த்தை தடுக்காம சொன்னியே. நாம சோறு திங்கறப்ப நீ படிச்சுக் காட்டினது அத்தனையும் அதுல இருந்துச்சு. முடிச்சைப் பாத்து இடது கைன்னு சொன்னவ நான். இது தெரியாதா எனக்கு?"

சக்கரத்தை நிறுத்தினார். இத்தனை வருஷம் தெரிந்து வைத்திருந்தார்.

"இங்கிலீஷ் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுக்கா. முதலாளி கைதட்டினாரு."

"நல்ல காரியத்துக்கு மட்டும்தான் செஞ்சவங்க பேரா? முதல்ல அந்தப் பேரைப் போட்டு அச்சில கொண்டு வா. என் பேரைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்தைச் சுற்றவிட்டார்.

அந்த அட்டையை எழுதியது நான். என் பெயர் மா. செல்வராணி, ஊர் வையம்பட்டி.